உப்பளக் கரையும் உயர்நிலைப் பள்ளியும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்கிறவர்கள், மரக்காணத்தை நெருங்கியதும் வெண்மையான குவியல்களைக் கண்டு வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த உப்பளங்களில் பாத்தி திருத்தி, உப்பு வாரி, கூடையில் சுமந்து அம்பாரம் போடுகிறவர்களின் குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள், எந்த வகுப்பு வரையில் படிக்கிறார்கள் என்று அந்த யாத்திரீகர்களில் ஒருவரேனும் விசாரித்ததாக நாம் அறியோம். யாத்திரீகர்களைக் குறை கூறிப் பயனில்லை. ஜில்லாவை நிர்வகிக்கும் உத்தியோகஸ்தர்களும், அந்தப் பிரதேசத்தின் பெயரால் சட்டசபையில் பேசுகிறவர்களும், நம்போன்ற பத்திரிகைக்காரர்களும்கூட, பரீட்சை முடிவுகள் வெளியாகும் ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை.

அந்த ஒரு நாளில் மட்டும் ஆரவாரத்துக்குக் குறைவில்லை. எந்த ஜில்லா முதலில் நின்றது, எது கடைசியில் விழுந்தது என்று பட்டியல்கள் அச்சாகின்றன. விழுப்புரம் ஜில்லா நெடுங்காலம் அந்தப் பட்டியலின் கீழ்ப்பாகத்தில் இருந்துவந்தது எல்லோரும் அறிந்ததே. பத்தாம் வகுப்பில் தமிழ்நாடு முழுவதற்குமான தேர்ச்சி விகிதம் 2024-ல் 91.55 ஆகவும் 2025-ல் 93.80 ஆகவும் உயர்ந்தது. சந்தோஷமே. ஆயினும், வழக்கு மன்றத்தில் பழகியவர்களுக்கு எந்த விகிதத்தைக் கண்டாலும் அதன் கீழே நிற்கும் எண் யாது என்று கேட்கத் தோன்றும். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் என்றால், எந்த நூறு? பரீட்சை மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்த நூறு. ஒன்பதாம் வகுப்பில் பெயர் இருந்து, தை மாதத்தில் உப்பளத்துக்கோ, வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ போய்விட்ட பெண் அந்த நூற்றில் சேர்ந்தவள் அல்லள். அவள் தேறவுமில்லை, தவறவுமில்லை, கணக்கிலேயே இல்லை. விகிதம் குறையாதிருக்கும் பொருட்டுத் தேறாத பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்ற குறையும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆகையால், பள்ளியின் வசதிகளுக்கும் மாணவரின் தேர்ச்சிக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராயப் புகுகிறவர்கள், மதிப்பெண் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆராய்வார்களானால், விடையின் பாதி அவர்கள் கண்ணில் படவே படாது.

பள்ளிக் கட்டடமும் குழாயும் கழிப்பிடமும் மேஜையும் பெஞ்சியும் கல்வியின் உயர்வுக்கு அவ்வளவு அவசியமா என்று கேட்கிறவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். நம் முன்னோர் திண்ணையில் உட்கார்ந்து மணலில் எழுதிக் கற்கவில்லையா, ஆசான் நல்லவனாக இருந்தால் மரத்தடியே போதாதா என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்தைச் சொல்கிறவர்களில் தம் சொந்தப் பிள்ளைகளை மரத்தடிக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை நாம் இங்கே எழுப்பவில்லை. அவர்களுக்குத் துணையாக மேல்நாட்டு ஆராய்ச்சியும் இருக்கிறது. 1966-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற பேராசிரியரின் தலைமையில் வெளியான பெரிய அறிக்கை, மாணவரின் தேர்ச்சியை நிர்ணயிப்பதில் பள்ளியின் சாதனங்களைவிடக் குடும்பத்தின் நிலைமையே மிகவும் வலிது என்று கூறியது. அன்று முதல் இன்று வரை, பள்ளிக்குப் பணம் கொடுக்க மனமில்லாத ஒவ்வொரு கஜானா அதிகாரிக்கும் அந்த அறிக்கை ஒரு வரப்பிரசாதமாக இருந்து வருகிறது.

ஆனால் அந்த அறிக்கை எதை அளந்தது? கூரை, விளக்கு, தண்ணீர், புஸ்தகம், உபாத்தியாயர் எல்லாம் ஏறக்குறைய எங்கும் இருந்த ஒரு தேசத்தில், ஒரு பள்ளிக்கும் மற்றொரு பள்ளிக்கும் சாதனங்களில் இருந்த வித்தியாசத்தை அளந்தது. வித்தியாசம் சிறிதாக இருந்தால் அதன் பலனும் சிறிதாகத்தான் தெரியும். எல்லோரும் வயிறார உண்ணும் வீட்டில் உணவுக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒருவர் நிரூபித்துவிடலாம். பட்டினி கிடக்கும் வீட்டில் அதே நிரூபணம் செல்லாது. 1983-ல் ஹெய்ன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 தேசங்களின் விவரங்களை ஒப்பிட்டு, தேசம் எவ்வளவுக்கெவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கவ்வளவு பள்ளியின் தரமே மாணவனின் தேர்ச்சியை நிர்ணயிக்கிறது என்று கண்டார்கள். 1995-ல் ஹனுஷெக் என்ற பொருளாதார நிபுணர், ஏழை நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பள்ளிக்குப் பணத்தைக் கொட்டுவதனால் மட்டும் கல்வி வளராது என்ற கட்சியைச் சேர்ந்தவர் அவர். அவருடைய தொகுப்பிலேயே, பள்ளி வசதிகளைப் பற்றிய 34 ஆய்வுகளில் 22 ஆய்வுகள் வசதிக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான சம்பந்தத்தைக் காட்டின. எதிர்க்கட்சிச் சாட்சியே இவ்வாறு சொல்லும்போது நாம் வேறு என்ன வேண்டுவது? சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பதை நம் பாட்டிமார் இந்த ஆராய்ச்சிகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

சுவர் என்று சொன்னோம். மரக்காணக் கரையில் அது உவமையாக மட்டும் நிற்கவில்லை. இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய சுவரும் தளமும் உப்புக் காற்றில் என்ன ஆகின்றன என்பதை அந்தக் கரையில் வீடு கட்டினவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உப்பில் உள்ள குளோரைடு காரைக்குள் மெல்ல ஊடுருவிக் கம்பியைத் தொடுகிறது, கம்பி துருப்பிடிக்கிறது, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே காரையைப் பிளக்கிறது. முதலில் தளத்தில் பழுப்பு நிறக் கோடு, பிறகு வெடிப்பு, பிறகு ஒரு நாள் காரைக் கட்டி பெயர்ந்து விழுகிறது. இது தெரியாத ரகசியமன்று. கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிர்ணயமே, 2000-ஆம் வருஷத்துப் பதிப்பில், உள்நாட்டின் சாதாரண நிலைமைக்கு எம்-20 என்னும் தரமும் கம்பியின்மேல் 20 மில்லிமீட்டர் காரையும் போதும் என்றும், கடற்கரைச் சூழலுக்கு எம்-30 தரமும் 45 மில்லிமீட்டர் காரையும் வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. தர்மபுரிக்கும் மரக்காணத்துக்கும் ஒரே மதிப்பீட்டைப் போட்டுக் கட்டினால், தர்மபுரியில் இரண்டு தலைமுறை நிற்கும் பள்ளி மரக்காணத்தில் ஒரு தலைமுறைகூடத் தாங்காது. டெண்டரில் மிச்சம் பிடித்த பணம் பழுதுபார்ப்பில் போகும். அதற்கும் பணம் வராத வருஷங்களில் பிள்ளைகள் ஒரு வகுப்பறையைப் பூட்டிவிட்டு இரண்டு வகுப்புகளாக ஒரே அறையில் நெருங்கி உட்காருவார்கள். அந்த அறையில் பத்தாம் வகுப்புக் கணக்கும் ஒன்பதாம் வகுப்புச் சரித்திரமும் ஒன்றன்மேல் ஒன்று மோதும்போது, குறைவது உபாத்தியாயரின் திறமையா, மாணவரின் புத்தியா என்று ஆராய்வது விநோதமான ஆராய்ச்சி.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கடலுக்கும் கழுவெளி ஏரிக்கும் இடையே கிடக்கும் பூமியில், குழாய்க் கிணறு தோண்டினால் பல இடங்களில் உவர்நீரே வருகிறது. அதே உவர்நீர்தான் உப்பளத்துக்குச் செல்வம்; பள்ளிக்குத் துன்பம். குடிப்பதற்குத் தொலைவிலிருந்து குழாய் மூலமோ வண்டி மூலமோ நல்ல நீர் வரவேண்டும். வராத நாளில் கழிப்பிடத்துக்கு நீர் இல்லை. நீர் இல்லாத கழிப்பிடம் பூட்டப்படும். பூட்டப்பட்ட கழிப்பிடமும் சர்க்கார் கணக்கில் கழிப்பிடமே. பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலை ஐந்து மணிக்குத் திரும்புகிறாள். இடையே ஒன்பது மணி நேரம். அவள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கு வரப் பழகிக்கொள்கிறாள். மாதத்தில் சில நாட்கள் வராமலே இருந்துவிடுகிறாள். அந்தச் சில நாட்களில் நடந்த பாடம் அவளுக்குப் புரியாமற்போகிறது. புரியாத பாடத்தின்மேல் அடுத்த பாடம் ஏறுகிறது. இதை ஆண்களாகிய நாம் பத்திரிகையில் எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டோம். நம் கூச்சத்தின் விலையை அவர்கள் கொடுத்து வருகிறார்கள்.

இந்தியப் பள்ளிகளின் கணக்கை வைத்து அஞ்சலி அடூகியா என்ற ஆராய்ச்சியாளர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் கழிப்பிடம் கட்டியதனால் சேர்க்கை உயர்ந்தது என்றும், பருவமடையும் வயதுப் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமே பலன் தந்தது என்றும் காட்டுகிறது. அதே ஆய்வில், பரீட்சை மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, கழிப்பிடம் மதிப்பெண் தராது என்று சிலர் கைகொட்டலாம். வாசற்படி வீட்டுக்குள் கொண்டுபோய் விடும். சோறு சமைத்துப் போடாது. படி இல்லாத வீட்டில் சோறு யாருக்கு? வசதிகளுள் பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவந்து நிறுத்துபவை சில. நின்ற பிள்ளைக்குக் கல்வியைக் கொடுப்பவை சில. இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பதனால்தான் நம்மவர்களுக்குள் இவ்வளவு குழப்பம் உண்டாகிறது.

கல்வியைக் கொடுக்கும் வசதிகளில் முதன்மையானது விஞ்ஞானப் பரிசோதனைச் சாலை. பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பரீட்சையில் நூற்றுக்கு 25 மதிப்பெண்கள் செய்முறைக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மேல்நிலை வகுப்புகளின் ரசாயனச் செய்முறையில் உப்புப் பகுப்பாய்வு ஒரு பாகம். உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு உப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இந்த உலகில் யார் வேண்டும்! உவர்நீரின் செறிவை அளக்கும் கருவியைப் பாத்தியில் மிதக்கவிட்டு, ஏறக்குறைய 25 டிகிரி வந்ததும் உப்பு படிகமாக இறங்கத் தொடங்கும் என்பதையும், 30 டிகிரியை நெருங்கினால் மீதி நீரை வடித்துவிடவேண்டும், இல்லையேல் உப்பு கசக்கும் என்பதையும் அவள் தாய் தகப்பனிடமிருந்து கேட்டே வளர்ந்திருக்கிறாள். கரைசல், செறிவு, படிகமாதல் என்று பாடப் புஸ்தகம் சொல்வதெல்லாம் அவள் வீட்டு வாசலில் நடக்கின்றன. ஆனால் பள்ளியில் பரிசோதனைச் சாலை அலமாரி பூட்டியே கிடந்தால், அல்லது கண்ணாடிக் குழாய்களும் ரசாயனப் பொருள்களும் வாங்கப் பணம் வராவிட்டால், அவள் அதே பாடத்தை உரை நூலிலிருந்து நெட்டுருப் போடுகிறாள். தான் அறிந்ததுதான் புஸ்தகத்திலும் இருக்கிறது என்று அவளுக்கு ஒருவரும் காட்டவில்லை. வசதிக் குறைவினால் விளையும் நஷ்டங்களில் இதைப்போல் கொடியது வேறில்லை என்பது நம் அபிப்பிராயம்.

இனி, காலத்தைப் பார்ப்போம். உப்பு விளைச்சல் தை மாசி வாக்கில் தொடங்கிப் புரட்டாசி வரை நீடிக்கிறது. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கவேண்டியிருப்பதால் விடியுமுன்பே தாயும் தகப்பனும் உப்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். தம்பி தங்கைகளை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புவது மூத்த பெண்ணின் பொறுப்பு. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நடக்கும் பொதுப் பரீட்சை உப்பு வேலையின் உச்சத்தில் வந்து விழுகிறது. ஐப்பசி கார்த்திகையில் உப்பு இல்லை, ஆகவே கூலி இல்லை. அப்போது புயல் வருகிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி; 2011-ன் கடைசியில் தானே; 2020 நவம்பரில் இந்தக் கரைக்கு அருகே நிவர்; 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல். பெஞ்சலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. புயலுக்குப் புகலிடமாவதும் பெரும்பாலும் பள்ளிக்கூடமே. ஜனங்கள் அங்கே தங்குவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அவர்கள் வேறெங்கே போவார்கள்? ஆனால் அவர்கள் வீடு திரும்பிய பிறகு உடைந்த பெஞ்சியையும் நனைந்த புஸ்தகத்தையும் அடைத்துக்கொண்ட கழிப்பிடத்தையும் சீர்செய்ய எந்தத் தலைப்பில் யார் பணம் கொடுப்பது என்று இரண்டு இலாகாக்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது அரையாண்டுப் பரீட்சை வந்துவிடுகிறது.

மரக்காணத்துக்கு நல்ல முறையில் ஒரு புகழும் உண்டு. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் கற்றதையும் மறந்த பிறகு, இல்லம் தேடிக் கல்வி என்னும் திட்டத்தைத் தமிழக முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் 2021 அக்டோபர் 27-ல் தொடங்கிவைத்த இடம் மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பம் என்ற கடற்கரைக் கிராமமே. ஊரிலுள்ள படித்த பெண்கள், பெரும்பாலோர் இளம் வயதினர், மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்துக் கார்த்திக் முரளிதரன் முதலியோர் செய்த ஆராய்ச்சியில், பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதென்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தத் தொண்டர்களின் வகுப்பினால் வந்ததென்றும் தெரியவந்தது. குறைந்த செலவில் இவ்வளவு பெரிய பலன் தந்த காரியம் நம் நாட்டில் அதிகம் இல்லை. அந்தத் தொண்டர்களுக்கு நம் வணக்கம்.

இதிலிருந்து சிலர் பெறும் முடிவை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள இயலாது. பார்த்தீர்களா, கட்டடம் இல்லாமலே கல்வி வந்துவிட்டது என்கிறார்கள் அவர்கள். அத்திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டவும் கழித்தல் கணக்குப் போடவும் ஒரு திண்ணையும் அன்புள்ள ஒரு பெண்ணும் போதும். ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதத்துக்கும் மின்சாரப் பாடத்துக்கும் பாடம் தெரிந்த பட்டதாரி ஆசிரியரும், அவர் நின்று நடத்த ஓர் அறையும், சோதித்துக் காட்ட ஒரு மேஜையும் வேண்டும். நல்ல ஆசிரியர்கள் கடற்கரைப் பள்ளிக்கு வந்தால் மாற்றல் உத்தரவுக்காக நாள் எண்ணுகிறார்கள் என்ற குறை உண்டு. குடிதண்ணீரும் கழிப்பிடமும் இல்லாத இடத்தில் ஆசிரியையைத் தங்கியிரு என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. கட்டடமா, ஆசிரியரா என்ற தர்க்கம் பட்டணத்தில் உட்கார்ந்து செய்வதற்கு இனிமையாக இருக்கலாம்; மரக்காணத்தில் ஒன்று இல்லாமல் மற்றொன்று நிற்பதில்லை.

சட்டத்தின் நிலைமை யாது? 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையிலுள்ள குழந்தைக்கே உரிமை வழங்குகிறது. ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண்களுக்குத் தனித்தனிக் கழிப்பிடம், குடிநீர், விளையாடும் இடம், நூல் நிலையம் என்று அதன் அட்டவணை சொல்லும் யாவும் எட்டாம் வகுப்போடு முடிகின்றன. அதே காம்பவுண்டுக்குள், அதே குழாயடியில், எட்டாம் வகுப்புப் பிள்ளை சட்டத்தின் பாதுகாப்பில் நிற்கிறாள். ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அந்தக் குடை அவள் தலையிலிருந்து எடுக்கப்படுகிறது. எந்த வயதில் அவளுக்குத் தேவை அதிகமோ அந்த வயதில் உரிமை முடிகிறது. உயர் வகுப்புகளுக்கென 2009-ல் வகுக்கப்பட்ட மத்தியக் கல்வி அபியான், ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்று லட்சியம் கூறிற்று. 2018-ல் அது வேறொரு திட்டத்தில் கலந்துவிட்டது. திட்டம் வேறு, சட்டம் வேறு. திட்டம் கிடைக்காவிட்டால் மனுக் கொடுக்கலாம்; சட்டம் கிடைக்காவிட்டால் வழக்குப் போடலாம்.

உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் சர்க்கார்களைவிட முன்னே சென்றிருக்கிறது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் வெந்த கொடுமையிலிருந்து எழுந்த வழக்கில், 2009-ல், பத்திரமான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பாகமே என்று அது தீர்ப்பளித்தது. 2012 அக்டோபரில், சர்க்கார் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், கழிப்பிடம், குடிநீர், போதிய வகுப்பறைகள் முதலியவற்றை ஆறு மாதத்துக்குள் அமைக்க எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவிட்டது. ஆறு மாதம் பல தடவை கடந்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சிறிய சட்டத்தினால், அட்டவணையிலுள்ள வசதிகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் உரிமையாக்கலாம். 1976 முதல் கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால் இதற்குத் தடை ஒன்றுமில்லை. மற்ற ராஜ்யங்களுக்கு வழிகாட்டி என்று நாம் அடிக்கடி பெருமை பேசிக்கொள்கிறோமே. வழிகாட்ட இதோ ஒரு வழி.

வசதி என்பது பள்ளியின் சுவருக்குள் மட்டும் அடங்கியதன்று. பள்ளிக்குப் போய்ச் சேரும் வழியும் வசதியே. 2006-ல் பீஹார் சர்க்கார் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வழங்கியது. அதனால் அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவிகிதம் உயர்ந்ததென்றும், ஆண் பெண் வித்தியாசம் 40 சதவிகிதம் குறைந்ததென்றும் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் கணித்தார்கள். தமிழ்நாட்டிலும் சைக்கிள் கொடுக்கிறோம். பதினோராம் வகுப்பில் கொடுக்கிறோம்! ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட பெண்ணுக்கு அந்த சைக்கிளினால் என்ன பயன்? 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. மெச்சத்தக்கதே. அக்கரையில் பரிசு காத்திருக்கிறது. இக்கரையில் ஓடத்தைக் கட்டியது யார்? சைக்கிளை இரண்டு வருஷம் முன்னதாகக் கொடுப்பதற்குப் பெரிய புதிய வரி ஒன்றும் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் சர்க்காரைப் பற்றிப் பேச முடியாது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த உப்புக்கு விதித்த வரி, 1888-ல் மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக இருந்தது. 1911-ல் கோகலே அவர்கள் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தபோது, பணமில்லை என்பதும் அதை மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 1930-ல் மகாத்மா தண்டியிலும் ராஜாஜி வேதாரணியத்திலும் கைநிறைய உப்பை அள்ளினபோது, உப்புக்கும் சுயராஜ்யத்துக்கும் உள்ள சம்பந்தத்தைத் தேசமே உணர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1953-ல் வேறொரு சிறு தீர்வை உப்பின்மேல் விதிக்கப்பட்டது. உப்புத் தொழிலாளரின் நலமும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 2016-ல் அந்தத் தீர்வை ரத்தாயிற்று. அத்துடன் உப்பளத்துக்கென்றே இருந்த ஒரு சிறு வழியும் அடைபட்டது. இப்போது இருப்பது பொதுக் கஜானா. அதிலும் 2024-25-ஆம் வருஷத்தில், பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழக சர்க்கார் கையெழுத்திடவில்லை என்று டில்லி 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்திவைத்தது. 2025 மே மாதத்தில் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒப்பந்தத்தின் குணதோஷம் எதுவாயினும், மறுத்த சர்க்காரைத் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டு படிக்கும் பிள்ளையின் பங்கை நிறுத்துவது நியாயமன்று என்பதே நம் கட்சி. அதே சமயத்தில், டில்லி தரவில்லை என்பது கோட்டைக்கு நிரந்தரமான பதிலாகிவிடவும் கூடாது. கழிப்பிடத்துக்கு ஒரு தோட்டியை நியமிக்கவும் குழாயைப் பழுதுபார்க்கவும் டில்லியின் அனுமதி வேண்டியதில்லை.

1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நம் நேயர்களில் வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். காமராஜர் முதல் மந்திரி, நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். ஊர்தோறும் ஜனங்கள் கூடித் தங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் எழுதி, கரும்பலகையும் கடிகாரமும் பெஞ்சியும் நிலமும் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே மத்தியான உணவுத் திட்டம் தோன்றியிருந்தது. அந்த இயக்கத்தின் சிறப்பு ஜனங்கள் கொடுத்த பொருளில் மட்டும் இல்லை. ஊரார் தாமே பள்ளிக்குள் நுழைந்து பார்த்துக் குறையைக் கண்டார்கள். கண்ட குறையை மறைப்பது எந்த அதிகாரிக்கும் சுலபமன்று. கூலிக்கு உப்பு சுமக்கிற ஜனங்களிடம் இன்று மேஜைக்குப் பணம் கேட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அது சர்க்காரின் கடன். பார்வையிடும் உரிமையையும் கேள்வி கேட்கும் உரிமையையும் மட்டும் அவர்கள் விட்டுவிடலாகாது என்கிறோம்.

அந்த உரிமை இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையோர்; பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவது அவர்கள் வேலை. ஆனால் விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் தாய், பகல் வேளையில் கூடும் கூட்டத்துக்கு வருவதானால் அன்றைய கூலியை இழக்கவேண்டும். அவளுக்காகக் கூட்டத்தை மாலையில் வைக்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். நம் நேயர்களில் அந்தத் தாலுகாவில் பொதுக் காரியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் பலர் இருக்கிறார்கள். மேடையில் கல்வியைப் பற்றி முழங்குவதை ஒரு பருவத்துக்கு நிறுத்தி வைத்துவிட்டு, பள்ளிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, எட்டாம் வகுப்பில் எத்தனை பெயர், பத்தாம் வகுப்பில் எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்க்கட்டும். விடுபட்ட பெயர்களை எழுதிக்கொண்டு அந்த வீடுகளுக்குச் சென்று காரணத்தைக் கேட்கட்டும். அந்தப் பட்டியலைக் கிராம சபையிலும் கலெக்டரிடமும் கொடுக்கட்டும். நமக்கும் ஒரு பிரதி அனுப்பினால் பெயர்களை மறைத்து எண்ணிக்கையை மட்டும் பிரசுரிப்போம். பரீட்சை முடிவுகளுக்கு ஒதுக்கும் அதே பக்கத்தில்.

கல்வி இலாகாவிடம் நாம் கேட்பது அதிகமன்று. கடற்கரைப் பள்ளிகளுக்குத் தரநிர்ணயப்படி தனி மதிப்பீடு. உவர்நீர் இருக்கும் இடங்களில் கழிப்பிடத்துக்கும் குடிப்பதற்கும் தனித்தனி நீர் ஏற்பாடு, அதைப் பேணச் சம்பளத்துடன் ஓர் ஆள். மாசி முதல் பங்குனி வரை மாலை எட்டு மணி வரையில் விளக்கெரியும் ஒரு படிப்பறை, அங்கே பொறுப்பாக ஓர் ஆசிரியர், வீடு திரும்பும் பெண்களுக்குத் துணை. புயல் முகாம் கலைந்த பதினைந்து நாளுக்குள் பள்ளியைச் சீர்செய்யத் தலைமை ஆசிரியர் கையில் ஒரு தொகை. தளங்களை இவ்வருஷம் பரிசோதிக்க வேண்டுமானால் ஐப்பசி மழைக்கு முன்பே பரிசோதிக்க வேண்டும். மழை தொடங்கிய பின் வரும் என்ஜினீயர் குடை பிடித்துக்கொண்டுதான் தளத்தைப் பார்ப்பார்.